எழுபதாம் நம்பர் ஜெட்

ஆம்பூரில் ஒரு தோல் முதலாளிக்குக் கார் ஓட்டினேன். தோலில் ஒன்றாம் நம்பர்தான் உசத்தி, எண் கூடக்கூட மட்டம். கார்புரேட்டருக்குள் பெட்ரோல் விடும் ஜெட்டின் எண்ணையும் அவர் அப்படியே எடுத்துக்கொண்டார். நூறைக் கழற்றி எழுபதைப் போடச் சொன்னார்.

"அது ஓட்டையோட அளவுங்க. நம்பர் கம்மின்னா பெட்ரோலும் கம்மியா வரும், வண்டி இழுக்காது" என்றேன்.

"தோல்காரன் எனக்கே நம்பர் சொல்லித் தர்றியா?"

மாற்றித் தொலைத்தேன்.

அந்த வாரமே, தோல் ஊறும் சுண்ணாம்புத் தொட்டியில் விழுந்த தொழிலாளி ஒருவனை வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஏற்றிப் போனேன். பள்ளிகொண்டா தாண்டுவதற்குள் என்ஜின் இருமி இருமி நின்றது. பின்சீட்டில் அவன் முனகல் அடங்கிய பிறகும் வண்டியைக் கிளப்பக் கிராங்கைச் சுற்றிக்கொண்டிருந்தேன்.

அந்த ஜெட்டால்தான் வண்டி நின்றது, ஆள் செத்தான் என்று முதலாளியிடம் சொன்னேன்.

"அப்போ எழுபதும் மட்டமா? அறுபது வாங்கிப் போடு."