தங்க நிறத்தில் ஒரு பெயர்

நேற்று தொலைக்காட்சியில் பழைய கார்ட்டூன்களைப் பற்றி ஒரு நிகழ்ச்சி. பேசாத படக் காலத்து அமெரிக்க நாய் ஒன்று வாலைச் சுழற்றிக்கொண்டு ஓடியது. உடனே என் மூக்கில் வஜ்ரப் பசை காய்ச்சும் நாற்றம் ஏறியது.

1920-களில், நான் சிறுமியாக இருந்தபோது, ரங்கூனின் அலோன் பேட்டையில், எங்கள் வீடே அப்படித்தான் நாறும். அப்பா பயாஸ்கோப் கொட்டகைக்கு பேனர் எழுதுகிறவர். பசையில் வண்ணத்தைக் குழைத்து, ஆள் உயரத்துக்கு வரைவார். அடியில் கொட்டகை முதலாளியின் பெயரைப் பெரிதாக எழுத வேண்டும். அப்பாவின் பெயருக்கு ஒரு மூலைகூடக் கிடையாது.

கொட்டகையில் அந்த நாய்ப் படம் தொடங்கும்போது முதலில் ஒரு வெள்ளைக்காரன் பெயர் வரும்.

"பாத்தியா பாப்பா, அங்கெல்லாம் வரைஞ்சவன் பேருதான் மொதல்ல வருது" என்பார் அப்பா.

ஒருநாள் அந்த நாய்ப் படத்துப் பேனரில் முதலாளியின் பெயரை விட்டுவிட்டு, அந்த இடத்தில் வெள்ளைக்காரன் பெயரைத் தங்க நிறத்தில் எழுதினார்.

"அவன் என்ன ஒங்க மாமனா, மச்சானா?" என்று அம்மா கத்தினாள்.

"நம்ம தொழில்காரன்டி."

பேனர் ஏறிய அன்றே வேலை போயிற்று. அப்புறம் சாகும்வரை துறைமுகத்தில் அரிசி மூட்டைதான் சுமந்தார்.

அந்த நாயை ஆண்டுக்கணக்காக வரைந்தவன் வேறொருவனாம். பேசும் படம் வந்ததும் அவனை வெளியே தள்ளிவிட்டார்களாம். திரையில் வந்த பெயர் கம்பெனி முதலாளியுடையது என்று நேற்று நிகழ்ச்சியில்தான் சொன்னார்கள்.

ஒரு முதலாளியின் பெயரை எடுத்துவிட்டு இன்னொரு முதலாளியின் பெயரை எழுதியதற்குத்தான் என் அப்பா மூட்டை சுமந்து செத்தார்.