பின்கதவைச் சேர்க்காத கணக்கு

1. ஸ்ட்ரெதம் ஊரில் உள்ள எங்கள் வீட்டுப் பின்வளவில் அண்ணை விறகு உலை வைத்தார்.
2. உலையின் சூட்டை அறைகளைச் சூடாக்கும் ரேடியேட்டர்களுக்குக் கொடுக்கும் வெப்பமாற்றியின் அளவைக் கணிக்க, பொறியியல் படித்த என்னை விட்டுவிட்டு, ஜெர்மனியில் அதே படிப்பை முடித்து வந்த தன் புது மனைவியைக் கேட்டார்.
3. பொறாமையில் நானும் கணித்தேன். அண்ணி சொன்ன அளவு மிகப் பெரிது. எனக்குச் சந்தோஷம்.

சாப்பாட்டு மேசையில் எல்லோர் முன்னாலும் சொன்னேன்: "அண்ணி, இவ்வளவு பெரிசு தேவையில்லை."

"பின்கதவைக் கணக்கில சேர்த்தனீரோ? உடுப்பு மணக்குமெண்டு மாமி பனியிலயும் கதவைத் திறந்து வைச்சுத்தானே மீன் பொரிக்கிறவ."

அம்மா வாய்விட்டுச் சிரித்தார். "என்ரை மருமகளுக்கு எல்லாம் தெரியுது!"

நான் பிறந்து வளர்ந்த வீடு. அந்தக் குளிரில் கால் விறைக்க இருந்து படித்தவள் நான். என் கணக்கில் எல்லாச் சுவர்களும் இருந்தன, அம்மா இருக்கவில்லை.

பெரிய வெப்பமாற்றியையே பூட்டியிருக்கிறோம். வீடு சூடாக இருக்கிறது. அண்ணியோடு நன்றாகத்தான் பேசுகிறேன். பொறாமை இன்னும் போகவில்லை.