அவசரத் தண்ணீர் வால்வு

இது கட்டுக்கதை இல்லை. சத்தியமாக நடந்தது. நம்பாதவர்கள் இப்போதே எழுந்து போகலாம். யார் காலிலும் விழுந்து கெஞ்சப்போவதில்லை.

அது கிளைக்கால் என்ற ரசாயனம் செய்யும் தொழிற்சாலை. எத்திலீன் ஆக்சைடு என்ற பொல்லாத சரக்கோடு தண்ணீரைச் சேர்த்தால் கிளைக்கால் கிடைக்கும். பழைய முறையில் தண்ணீரைத் தாராளமாக விட்டு, மிச்சத்தைக் கொதிக்கவைத்து விரட்டுவார்கள். அந்த நீராவிச் செலவு மேனேஜரின் கண்ணை உறுத்தியது. கொஞ்சம் தண்ணீரிலேயே காரியத்தை முடிக்கப் புது முறை கொண்டுவந்தார். தண்ணீர் குறைந்தால் சூடு எகிறும்; அப்போது திறக்க ஓர் அவசரத் தண்ணீர் வால்வு.

முதல் சோதனையிலேயே எகிறியது. வால்வுக்கு ஓடியவன் வெந்து செத்தான். திறக்க மறந்துவிட்டான் என்று பழியையும் செத்தவன் தலையிலேயே கட்டினார்கள், படுபாவிகள். அவன் மனைவிக்குக் கட்டுப்பாட்டு அறையில் வேலை கொடுத்து வாயை அடைத்தார்கள். அந்தப் பழி அவள் வயிற்றில் நெருப்பாகக் கிடந்தது.

மறுபடியும் சோதனை. பட்டப்பகல். வால்வைப் பிரித்துப் பார்த்தீர்களா என்று கேட்டாள். பெயிண்ட் அடித்தாயிற்று, சக்கரம் சுற்றுகிறது, அது போதும் என்றார் மேனேஜர். அவளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பன்னிரண்டே காலுக்குச் சூடு ஏறத் தொடங்கியது. ஏறியது... ஏறிக்கொண்டே இருந்தது.

அதே ஆலையில் வேலை பார்த்த கொழுந்தனை வயர்லெஸ்ஸில் கூப்பிட்டாள்.

"வால்வுகிட்ட ஓடு."

பதில் வருமுன்பே...

டக். டக்.

குழாயில் இரண்டு தட்டு. திறந்தாயிற்று என்பதற்கு அவள் புருஷன் ஸ்பேனரால் தட்டும் அதே தட்டு.

தண்ணீர் பாய்ந்தது. சூடு இறங்கியது.

"யாருப்பா திறந்தது?"

"நான் இன்னும் படியிலதான் அண்ணி... அங்க யாருமே இல்ல. சக்கரம் தானா சுத்துது..."



மறுநாள் வால்வைக் கழற்றினார்கள். உள்ளே, சக்கரத்தையும் தண்ணீரை மறிக்கும் அடைப்புப் பலகையையும் இணைக்கும் தண்டு முறிந்திருந்தது. துருவைப் பார்த்தால் முதல் சோதனைக்கும் முந்திய முறிவு என்றார் ஃபிட்டர். அடைப்புப் பலகை அடியில் இறுகி மூடியே கிடந்தது. சக்கரத்தை எத்தனை சுற்று சுற்றினாலும் ஒரு சொட்டுகூட வராது.

அவள் மேனேஜர் முன்னால் போய் நின்றாள்.

"என் புருஷன் மறக்கல. திறந்தாரு. உங்க வால்வுதான் திறக்கல."

மேனேஜர் நாற்காலியை விட்டு எழுந்தார்.

"அப்போ... நேத்து தண்ணி எப்படி வந்துச்சு?"

"அவரையே கேளுங்க. குழாயத் தட்டினா பதில் சொல்லுவாரு."