காபிக்காட்டுக்குக் கேட்ட ஓபரா

சசிரேகா ஜெர்மனியில் ஓபரா பாடுகிறவள். ஓபரா என்றால் ஒரு நாடகம் முழுவதையும் பாட்டாகவே பாட வேண்டும். மைக் கிடையாது. கடைசி வரிசையில் கொட்டாவி விடுகிறவனுக்கும் வெறும் தொண்டையாலேயே கேட்க வைக்க வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட்டில் கூலிக்காரர்களின் லைன் வீட்டில் பிறந்த பெண்ணுக்கு இது எப்படி வாய்த்தது என்று ஊர் முக்கான ஒண்டிக்கடையில் இன்னும் வாய் ஓயாமல் பேசுகிறார்கள். பெரிய மர்மம் ஒன்றுமில்லை. பள்ளிக்கூடத்தில் பாட்டு வகுப்பு இருந்தது, பாடினாள். கேட்டவர் ஒருவர் உதவித்தொகைக்கு வழி சொன்னார், போனாள். பல வருஷம் கூட்டத்தோடு கூட்டமாக நின்று கோரஸ் பாடினாள். போன வருஷம்தான் கதாநாயகி. அதுவும் நிஜக் கதாநாயகிக்குக் காய்ச்சல் வந்ததால் கிடைத்த வேஷம். அன்றைக்குக் கைதட்டல் அடங்கவே இல்லை. அதன் பிறகு அவளை யாரும் கோரஸில் நிற்கச் சொல்லவில்லை.

இப்போது சொந்த ஊரில் முதல் கச்சேரி. சனிக்கிழமை சாயங்காலம், எஸ்டேட்டை ஒட்டிய பழைய ஹாலில். சேலத்திலிருந்தெல்லாம் ஆட்கள் வருகிறார்கள். ஆனால் சசிரேகாவுக்கு வேண்டியது ஒரே ஒரு ஆள், அம்மா கலாவதி. மகள் மேடையில் பாடி அவள் ஒரு தடவைகூடக் கேட்டதில்லை.

"புரியாத பாட்டுக்கு நா எதுக்கு கண்ணு? காபிப் பழம் பறிக்கற சீசன் வேற. நீ பாடு, நா ஊட்டுல இருந்துக்கறேன்" என்று கலாவதி ஒரே போடாகப் போட்டுவிட்டாள். கெஞ்சியாயிற்று, கோபித்தாயிற்று. அசைந்து கொடுக்கவில்லை. ஊர் உலகமெல்லாம் கேட்ட குரலைப் பெற்றவள் கேட்க மாட்டேன் என்கிறாளே என்று சசிரேகாவுக்கு ஆற்றாமை தாங்கவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் அதே ஹாலில் ஒத்திகை. பியானோ வாசிக்க வந்த ரொனால்ட், ஈர வாடை அடிக்கிறது என்று ஜன்னல்களையெல்லாம் திறந்து வைத்தான். சசிரேகா கடைசிப் பாட்டின் உச்சிக்கு ஏறி, அந்த ஒற்றைக் குரலை நீட்டி நிறுத்தினாள்.

எதிர்ச் சரிவில் காபிப் பழம் பறித்துக்கொண்டிருந்தவர்கள் கூடைகளை வீசிவிட்டு ஓடத் தொடங்கினார்கள்.

அவள் பாட்டை நிறுத்திவிட்டு ஜன்னலுக்கு ஓடினாள். காட்டெருமை! காபிக்காட்டுக்குள் எருமையைப் பார்த்தவர் நீளமாக ஒரு குரல் கொடுப்பார். கேட்டவர்கள் யார், எங்கே என்று நின்று கேட்கக் கூடாது. போட்டது போட்டபடி மேலே தார் ரோட்டுக்கு ஏறிவிட வேண்டும். இந்தச் சட்டத்தில் வளர்ந்தவள், வெளிநாட்டில் இருந்து இருந்து அதைச் சுத்தமாக மறந்துபோய்விட்டாள்.

எல்லோரும் மேலே ஓட, ஒரே ஒரு உருவம் மட்டும் கீழே ஹாலை நோக்கி விழுந்தடித்துக்கொண்டு வந்தது. கலாவதி! புடவை கிழிந்திருந்தது. முழங்கையில் ரத்தம். கையில் ஒரு கம்பு, அவ்வளவுதான். அந்தக் கம்பை வைத்துக்கொண்டு எருமையை என்ன செய்வதாக இருந்தாளோ.

உள்ளே வந்ததும் மகளின் வயிற்றையும் விலாவையும் தடவித் தடவிப் பார்த்தாள்.

"எங்கடி குத்துச்சு? சொல்லு கண்ணு, எங்க குத்துச்சு?"

"எருமையே இல்லம்மா. நாந்தான் பாடினேன்."

கலாவதி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். ரொனால்ட் ஓடித் தண்ணீர் கொண்டுவந்தான். அவள் அதைத் தொடவில்லை.

"எல்லாரும் ரோட்டுக்கு ஓடறப்ப நீ மட்டும் ஏம்மா கீழ வந்தே? நெசமாவே எருமை இருந்திருந்தா?"

"உங் கொரல் எனக்குத் தெரியாதா? சாவற சத்தமா இருந்துச்சு சாமி. நொம்பப் பயந்துட்டேன்."

சசிரேகாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"அந்த எடத்துல அவ சாவத்தான் செய்யறாம்மா. கதையில அந்தப் பொண்ணு செத்துப் போறா. ஒரு வார்த்தை தெரியாமயே உனக்குப் புரிஞ்சிருக்கு பாரு!" அவளுக்குப் பதற்றமும் சந்தோஷமும் ஒன்றாகப் பொங்கின. "இப்பவாச்சும் சனிக்கெழமை வருவியா?"

கலாவதி மகளை ஏறிட்டுப் பார்த்தாள்.

"சனிக்கெழமையும் இதே மாதிரி சாவியா?"

"பாட்டு அப்படிம்மா."

"அப்ப நா வர மாட்டேன் சாமி" என்றாள் கலாவதி. "ஒருக்கா கேட்டதே போதும்."