ஹீட்டரடியில் ஆறு தட்டுகள்

சித்தி வீட்டு வரவேற்பறையில், ஹீட்டருக்குப் பக்கத்தில், கறிவேப்பிலைச் சாடியோடு சேர்ந்து ஆறு விதைத் தட்டுகள் இருந்ததை நான் கண்டது தை மாதக் கடைசியில். வெளியே ஃப்ரிபூர்க் நகரம் முழுக்கப் பனி. தட்டுகள் கிடந்திருக்க வேண்டிய இடம் அந்தப் பனிதான்.

கொத்தாக மஞ்சள் பூக்கும் ப்ரிமவேர் விதை. இந்த நாட்டு மண்ணுக்குரிய செடி. குளிர் விட்டதும் காட்டுத் தேனீக்கள் முதலில் தேடிவருவது இதைத்தான். விதை பல வாரம் குளிரில் கிடந்தால்தான் முளைக்கும். அதற்காக மார்கழியில் தட்டுகளை பால்கனியில் வைத்தவன் நான். பல்கலைக்கழகத்தில் உயிரியல் படிக்கிற பெரிய கொம்பன். ஆனால் எங்கள் வீடுகளில் பனி கொட்டத் தொடங்கினால் பால்கனியில் பச்சை எதையும் விடமாட்டார்கள். சித்தி தட்டுகளையும் உள்ளே தூக்கிவந்துவிட்டார்.

சித்தி ஓர் அடுக்குமாடியில் துப்புரவு வேலை செய்தார். தற்காலிக ஒப்பந்தம். அந்தக் கட்டட முகாமையாளருக்குப் புல்வெளியை உள்ளூர்ப் பூப்பாத்தியாக மாற்ற ஆசை. சித்திரையில் பூக்க வைக்கிறேன் என்று சித்தி ஒப்புக்கொண்டார். பூத்தால் கட்டடப் பராமரிப்பு வேலை நிரந்தரமாகத் தருகிறேன் என்றார் முகாமையாளர். அந்தச் சித்திரைக் கணக்கு நான் சொல்லிக்கொடுத்தது.

அன்று கத்தினேன். "படிக்காத ஆக்கள் செய்யிற வேலை சித்தி இது." அவர் தட்டுகளை ஒவ்வொன்றாக வெளியே கொண்டுபோய் வைத்தார்.

மாசியில்தான் விதைப் பைக்கற்றின் பின்பக்கத்தை முதன்முதலாக வாசித்தேன். இரண்டாம் வருடத்திலிருந்துதான் பூக்கும் என்று பிரெஞ்சில் தெளிவாகப் போட்டிருந்தது. ஹீட்டரடியோ பனியோ, அந்தச் சித்திரையில் ஒரு பூவும் வந்திருக்காது. வாயை மூடிக்கொண்டேன்.

சித்திரையில் முகாமையாளர் வந்த அன்று பாத்தியில் விரல்நக அளவு இலைகள் மட்டும் நின்றன. சித்தி தன் உடைந்த பிரெஞ்சில், தட்டுகளை உள்ளே வைத்தது தன் பிழை என்றார். நான் பக்கத்தில் நின்றேன். பேசியிருந்தால் அவரைவிட நல்ல பிரெஞ்சில் பேசியிருப்பேன். பராமரிப்பு வேலை வேறொருவருக்குப் போனது. சித்திக்கு மறுபடியும் ஒரு வருடத் தற்காலிகம். கோயிலில் யார் கேட்டாலும் தன் முட்டாள்தனத்தால் போச்சு என்று சிரித்துக்கொண்டே சொல்லுவார். அந்தச் சிரிப்பைப் பார்க்க முடியாமல் நான் அன்னதான வரிசையில் போய் நின்றுகொள்வேன்.

இந்த வருடம் பாத்தி பூத்தது. தேனீக்கள் மொய்த்தன. ஆனியில் சித்தி விதை சேர்க்கக் கூப்பிட்டார். காய்ந்த காய்களை உடைத்துக் கடித உறைக்குள் கொட்டியபடியே, பைக்கற்றில் வாசித்ததைச் சொல்லிவிட்டேன்.

அவர் கை நின்றது. "எப்ப வாசிச்சனி?"

"போன வருசம் மாசியில."

"அப்ப அந்தாள் வந்து நிக்கேக்க உனக்குத் தெரியும்."

"ஓம்."

சித்தி இன்னும் இரண்டு காய்களை உடைத்துக் கொட்டினார். பிறகு என் சட்டைப் பையிலிருந்த பேனையை உருவி, உறையின் மேல் பெரிய எழுத்தில் எதையோ எழுதி என் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"வாசி."

வாசித்தேன். இரண்டாம் வருடம்தான் பூக்கும்.

"எனக்குக் கேக்கேல்லை. பலமா வாசி."