தங்கூசியில் கழன்ற சின்னம்

நாவற்குடாவில் ஒரு கராஜ். உன்னிச்சையிலிருந்து வந்த பழைய காருக்குப் பெயின்ட் அடிக்குமுன், டிக்கி மூடியில் ஒட்டியிருக்கும் எனாமல் சின்னத்தைக் கழற்ற வேண்டும். காரை அந்தக் காலத்தில் விற்ற கொழும்புக் கடையின் சின்னம் அது. கடை இப்போது இல்லை.

"வெடிச்சா வேற எடுக்க ஏலா தம்பி." காரின் சொந்தக்காரி சின்னத்துக்குக் கீழே உள்ளங்கையை ஏந்தி நிற்கிறார்.

"கொஞ்சம் மெதுவா மூச்சு விடுங்க அக்கா, கார் ஆடுது." களப்பில் மீன் பிடிக்கும் தங்கூசி நரம்பைச் சின்னத்தின் பின்னால் நுழைத்து, வாள் அறுப்பதுபோல இழுக்கிறார் மெக்கானிக். காய்ந்த பசை தூளாக உதிர்கிறது.

டக்கென்று ஒரு சத்தம். சொந்தக்காரி கண்களை இறுக மூடிக்கொள்கிறார்.

"தங்கூசிதான் அக்கா அறுந்த. சின்னம் உங்கட கையில கிடக்கு, பாருங்க."

அவர் பார்க்கவில்லை. வெடிப்பைத் தேடி, பெருவிரலால் விளிம்பைத் தடவுகிறார். ஒரு சுற்று முடிந்த பிறகுதான் கண்ணைத் திறக்கிறார்.