வெட்கத்தால் மறைத்த வலி

போன வருஷம் என் பெண் பிரசவத்துக்காக மாதுங்காவில் எங்கள் வீட்டுக்கு வந்திருந்தாள். எனக்கு நாற்பத்தெட்டு வயது. நாலு மாதமாகத் தீட்டு நின்று, வயிறு உப்பி, அடிவயிற்றில் ஓயாத வலி. பெண்ணோடு நானும் கர்ப்பமோ என்று வெட்கிப் போனேன். பெண்ணைப் பார்க்க வந்துபோகும் மாப்பிள்ளை கண்ணில் படாதிருக்க, வயிற்றில் துணியை இறுக்கிக் கட்டிக்கொண்டு நடமாடினேன்.

ஒருநாள் பெண்ணைப் பார்க்க வந்த லேடி டாக்டருக்குக் காபி கொடுக்கக் குனிந்தவள், வலி தாங்காமல் அப்படியே உட்கார்ந்துவிட்டேன்.

"மாமி, எத்தனை நாளா இப்படி?" என்றார் டாக்டர்.

அழுதுகொண்டே என் சந்தேகத்தைச் சொன்னேன்.

சோதித்துப் பார்த்துவிட்டு, "கர்ப்பமெல்லாம் இல்லை மாமி. தீட்டு நிக்கற வயசுதான். ஆனா உள்ளே ஒரு கட்டி இருக்கு. உடனே எடுத்துடணும்" என்றார்.

"எங்கிட்டக்கூடச் சொல்லலையேம்மா!" என்று பெண் கோபித்துக்கொண்டாள்.

ஆபரேஷனில் ஆரஞ்சுப் பழம் அளவு கட்டியை எடுத்தார்கள். நல்லவேளை, புற்று இல்லை. பேத்தி பிறப்பதற்குள் நான் எழுந்து நடமாடத் தொடங்கிவிட்டேன்.

இப்போதெல்லாம் வயிற்றில் எந்த வலி வந்தாலும் ஓமத் தண்ணீரோடு நிறுத்தாமல் டாக்டரிடம் போய்விடுகிறேன். போன வாரம் இதே வலியை மறைத்துக்கொண்டிருந்த எதிர்வீட்டு மாமியையும் வற்புறுத்தி அழைத்துப் போனேன். அவளுக்கு வெறும் வாயுதானாம். இருவரும் சிரித்துக்கொண்டே வீடு திரும்பினோம்.